இரண்டு முறை வந்த வரி

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி இல்லை. வயது முப்பத்து நான்கு, பெயர் கோகிலவாணி. கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறாள். சீடருக்கு அறுபத்தாறு வயது. பெயர் நாச்சிமுத்து. பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முகநூலில் அவள் ஒரு குழு நடத்தினாள். தினம் ஒரு தலைப்பு, ஐம்பது சொல்லுக்குள் ஒரு கதை. பரிசு, பட்டம் எதுவும் கிடையாது. அன்றைக்கு எல்லாருக்கும் பிடித்த கதையை எழுதினவர் மறுநாளுக்குத் தலைப்பு தரலாம். அந்த ஒரு மரியாதைக்கே அங்கே அடிபிடி நடக்கும்.

எல்லாரும் கேலிக்குத்தான் அவளைக் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து மட்டும் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார், ஏன் என்று கேட்கமாட்டார். அவளுக்கு அது கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

அன்றைக்குத் தலைப்பு தரவேண்டியவர் அவர்தான். முந்தின நாள் 'பேருந்து' என்ற தலைப்புக்கு அவர் எழுதிய கதையைக் குழுவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தது. ஆனால் மத்தியானம் ஆகியும் தலைப்பு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்று மணி வாக்கில் ஆளே கடை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"வாங்கய்யா. தலைப்பு எங்கீங்க? எல்லாரும் என்னையப் போட்டு உலுக்கறாங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, நான் குழுவ விட்டுப் போயிடலாம்னு இருக்கறனுங்க."

"என்னாச்சுங்க?"

"நேத்துக் கதைல ஒரு வரி ரெண்டு தடவ வருதுங்களே."

"ஆமாங்க. 'அவள் ஜன்னலிலிருந்து கையாட்டினாள்.'"

கதை அந்த வரியில்தான் தொடங்கியது, அந்த வரியிலேயே முடிந்தது. பாராட்டில் பாதி அதற்குத்தான். முதல் தடவை அவள் உயிரோடு கையாட்டுகிறாள், இரண்டாம் தடவை அவன் நினைவில் கையாட்டுகிறாள் என்று ஒருவர் கதையை விடப் பெரிதாக விளக்கம் எழுதியிருந்தார்.

"அத நான் ஒரு தடவதானுங்க எழுதுனேன்."

"அப்பறம்?"

"மறுக்கா எழுதுனது எனக்குத் தெரியாதுங்க. போடறதுக்கு முன்னால படிச்சும் பாத்தேன். அப்பவும் தெரியில. அவுங்க எல்லாம் அருமை அருமைன்னு சொன்ன பொறகுதான் பாக்கறேன், ரெண்டு இருக்குது."

கோகிலவாணி கையில் இருந்த பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொன்னதையே சொல்லுவாரு. நாங்க உக்காந்து சிரிப்போம். கடைசில என்னையவே ஆருன்னு கேட்டாரு."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பையன் நாளான்னிக்கு ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். பயமா இருக்குதுங்க அம்மிணி. நீங்க தினமும் எழுத்துத் திருத்தறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

தெரிந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் இரண்டு முறை வந்தால் பத்திரிகைக் கட்டு மொத்தமும் குப்பைக்குப் போகும் தொழில் அவளுடையது. ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர் அவர்; அந்த வரி கைதவறி வந்தது என்று அவள் பார்த்தவுடனே கண்டுகொண்டாள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் பாராட்டு குவிய ஆரம்பித்துவிட்டது. அவளும் ஒரு ஹார்ட்டைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் எதுக்கு ஹார்ட் போட்டீங்க?"

"கதை நல்லா இருந்துச்சுங்க."

"அது நான் எழுதுனது இல்லீங்களே. என்ர மறதி எழுதுனது."

அவள் பத்திரிகைக் கட்டை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினாள். அவர்தான் மறுபடி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இருக்கற வரைக்கும் எழுதோணுமா, இல்ல நாலு பேர் சிரிக்கறதுக்குள்ள மானத்தோட நிறுத்திக்கோணுமா? நீங்க சொன்னபடி செய்யறேன்."

விளையாட்டுக்குக் குருவானவளிடம் ஒருவர் நிஜமாகவே கேட்கிறார். எழுதுங்கள் என்று சொல்லி, இதே குழு நாளைக்குச் சிரித்தால்? நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதர் காலையில் எழுந்து என்ன செய்வார்? இந்தக் கேள்வியைக் கேட்க நல்ல ஆளைப் பிடித்தார் என்று அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

வேறு ஒன்றும் தோன்றாமல் போனை எடுத்தாள். குழு தொடங்கிய புதிதில் 'மழை' என்ற தலைப்புக்கு அவர் எழுதிய கதையைத் தேடிப் பிடித்தாள். தன் கதையைத் தானே கேட்டால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும் என்று நினைத்தாள்.

"இதக் கேளுங்கய்யா."

வாசித்தாள்.

'மழையில் நின்ற நாயைப் பையன் வீட்டுக்குள் கூப்பிட்டான். அது வரவில்லை. அவன் வெளியே போய் அதனோடு நின்றான். அம்மா குடையோடு ஓடி வந்தாள். குடைக்குள் இரண்டு பேர்தான் நிற்கலாம். அவள் குடையை மடக்கினாள்.'

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மடக்கிட்டாளா! அடடா." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆருங்க அம்மிணி இது? புதுசா சேந்த பையனா?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

"நம்ம குழுவுல இருக்கறவருதானுங்க," என்றாள். "ஆனா இப்ப ரொம்பப் பயந்து போயிருக்காரு. எழுதறதா, நிறுத்தறதான்னு கேட்டுட்டிருக்காரு."

"இத எழுதுனவனா நிறுத்தறது? நல்லாருக்குது கதை! நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியிலீங்க."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்குது? நான் சொல்றனுங்க. எங்க போய்ச் சொல்லோணும்?"

வேண்டாம் என்று சொல்லி அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். அவள் அந்தப் பதிவை அவருடைய போனுக்கு அனுப்பினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நேராகக் கதைக்குக் கீழே பதில் எழுதும் இடத்துக்குப் போய், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். தட்டியதை வாய்விட்டுப் படித்தார்.

"'தம்பி, பயப்படாம எழுதுங்க. நான் படிக்கிறேன்.' போதுமுங்களா?"

"போதுமுங்க."

அனுப்பினார். பிறகு, "பையன் பேரு என்னன்னு பாப்போம்," என்று மேலே தள்ளினார்.

மேலே அவர் பெயர் இருந்தது. பவானி கூடுதுறையில் துண்டோடு நிற்கிற அவர் படம் இருந்தது. கீழே தள்ளினார். அங்கேயும் அதே பெயர், அதே படம். மறுபடி மேலே போனார்.

"அம்மிணி. இது நானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"ரெண்டும்?"

"ரெண்டும் நீங்கதானுங்க."

"எனக்குத் தெரியிலீங்களே."

கோகிலவாணி மேசையைச் சுற்றி வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லுலீங்களே?" என்றார் நாச்சிமுத்து.

"கேட்டவருக்குப் பதில் வந்திருச்சுங்கய்யா," என்றாள் அவள். "தலைப்புதான் இன்னும் வருல. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."