தட்டாத குளம்பு

குளக்கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் உச்சிக் கிளையில் நெட்டைவால் என்ற மந்தி வாழ்ந்தது. கீழே, ஆளுயரக் கோரைப் புல்லுக்குள் புள்ளிமான்கள் மேய்ந்தன.

இரு தரப்புக்கும் ஒரு வழக்கம் உண்டு. சிறுத்தை வருவது தெரிந்தால் மந்தி, "கக்! கக்!" என்று குரல் கொடுக்கும். உடனே மான்கள் முன்னங்காலால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மந்தி வாயை மூடும்.

மான்களின் தலைவனான கொம்பனுக்கு எதையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒருநாள் செம்பி என்ற பெண்மானிடம் கேட்டது.

"அவள் சொல்கிறாள், நாம் கேட்டுக்கொள்கிறோம். அதோடு முடிந்தது. பிறகு எதற்காகக் காலைத் தட்டுகிறோம்?"

"எல்லாரும் தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன் அண்ணா."

"தட்டினால் நாம் இருக்கும் இடம் சிறுத்தைக்கும் தெரிந்துவிடுமே. சத்தமில்லாமல் நழுவிப் போனால் என்ன?"

"சரி, செய்துதான் பார்ப்போமே" என்றது செம்பி.

மறுநாள் காலையில் மந்தி குரல் கொடுத்தது. "கக்! கக்!"

எந்த மானும் காலைத் தட்டவில்லை. எல்லாம் தலையைத் தாழ்த்திக்கொண்டு, புல் அசையாமல் நடந்து, குளத்துக்கு அப்பால் புதர் மண்டிய மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

"பார்த்தாயா? ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை" என்றது கொம்பன்.

ஆனால் மந்தியின் குரல் நிற்கவில்லை.

மரத்தின் மேலிருந்து பார்த்தால் புல்லின் நுனி மட்டும்தான் தெரியும். மான்கள் உள்ளே இருக்கின்றனவா, போய்விட்டனவா என்று நெட்டைவாலுக்குத் தெரியவில்லை. "காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. என் குரல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது" என்று நினைத்தது. ஒரு கிளை கீழே இறங்கிக் கத்தியது. பதில் இல்லை. இன்னும் ஒரு கிளை இறங்கியது.

மேட்டில் கொம்பன் காதை நிமிர்த்தியது. "ஏன் இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறாள்? நாம்தான் தப்பித்து வந்துவிட்டோமே!"

"அது நமக்குத் தெரியும்" என்றது செம்பி. "அவளுக்குத் தெரியுமா?"

கொம்பன் திரும்பிப் பார்த்தது. மந்தி கடைசிக் கிளையில் தொங்கிக்கொண்டு, புல்லை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் அடிமரத்தை ஒட்டி ஒரு மஞ்சள் முதுகு பதுங்கிப் பதுங்கி வந்தது.

கொம்பன் காலைத் தட்டியது. மேட்டு மண் பொசுபொசுவென்று இருந்ததால் சத்தமே எழவில்லை. அது சரிவில் பாய்ந்து இறங்கி, குளக்கரைப் பாறைமேல் ஏறி, பலம்கொண்ட மட்டும் குளம்பால் அடித்தது.

டக்! டக்!

மந்தி உடனே வாயை மூடியது. ஒரே தாவலில் மேலே போனது. சிறுத்தையும் அதே நேரத்தில் பாய்ந்தது. அதன் நகத்தில் வால் மயிர் கொஞ்சம்தான் மிஞ்சியது.

சிறுத்தை மரத்தைப் பார்த்தது, பாறையைப் பார்த்தது. "மேலே ஒருத்தி பார்த்துவிட்டாள், கீழே ஒருவனும் பார்த்துவிட்டான். இனி இங்கே எனக்கு என்ன வேலை?" என்று முணுமுணுத்தபடி மலைப்பக்கம் போய்விட்டது.

நெட்டைவாலுக்கு மூச்சு வாங்கியது. "என்ன கொம்பா, காது அடைத்துப்போய்விட்டதா?"

"இல்லை அக்கா. முதல் குரலே தெளிவாகக் கேட்டது."

"கேட்டதை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டால், மரத்தின் மேல் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

கொம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டது. "காலைத் தட்டினால் சிறுத்தைக்கு நம் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்."

"தெரியட்டுமே. தான் ஒளிந்திருப்பதை எல்லாரும் கண்டுகொண்டார்கள் என்றால் சிறுத்தை பாயுமா, கிளம்புமா? இப்போது நீயே பார்த்தாயே."

"அந்தச் சந்தேகமும் தீர்ந்தது" என்றது கொம்பன்.

"அடுத்த தடவை சந்தேகம் வந்தால் என்னிடம் கேள். என் வாலை வைத்துச் சோதனை செய்யாதே" என்றது மந்தி.

ஒருவர் சொன்ன செய்தி, அது வந்து சேர்ந்தது என்று கேட்டவர் தெரிவிக்கும்போதுதான் முழுமை அடைகிறது.