மூன்று விரல் தடிமன்

புகைப்படத்தைக் கான்வாஸ் துணியில் அச்சிட்டு, வீட்டிலேயே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டும் வேலையைப் பத்மாசனி தம் மாடியில் கற்பித்துவந்தார். மாணவியர் பெரும்பாலும் அவர் வயதினரே.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கண்காட்சி. படியேறியதும் எதிர்ப்படும் சுவரில் ஒரு படத்துக்கே இடமுண்டு. அவ்விடம் ஆண்டுதோறும் கோசலை என்ற மாணவிக்கே போயிற்று.

உடன் கற்ற வடிவாம்பாள் ஆசிரியையிடம் கேட்டாள்.

"முன்சுவர் எப்பவும் கோசலைக்குத்தானா, டீச்சர்?"

"அவ படத்துல என்ன குறை?"

"குறையே இல்லை. அதுதான் எரியுது."

"சரி. இந்தத் தடவை உன் படத்தைக் கொண்டு வா."

வடிவாம்பாளிடம் இருந்தது ஒரு குடும்பப் படம். மறைந்த தந்தையோடு அவள் நிற்கும் படம் வேறு கிடையாது. அண்ணன்மாரும் கண்காட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தனர்.

அன்று அவள், சென்ற ஆண்டிலிருந்து முன்சுவரில் தொங்கிய கோசலையின் சட்டத்தருகே போனாள். சுவரைவிட்டுப் பெட்டி போல் முன்னே நிற்கும் தடித்த சட்டம். பக்கவாட்டில் விரல்களை வைத்தாள். மூன்று விரல்.

"ஸ்கேல் தரட்டுமா, வடிவு?" என்றாள் பின்னால் நின்ற கோசலை.

வடிவாம்பாள் அதே தடிமனில் மரம் வாங்கினாள். அவளது துணியோ மெல்லிய சட்டத்துக்கென அச்சிட்டது. புதிய சட்டத்தின் பக்கங்களைச் சுற்றிப் பின்புறம் எட்டவில்லை. சட்டத்தின் நீள அகலங்களை அறுத்துக் குறைத்தாள். துணி எட்டியது. படத்தைக் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவிலிருந்து மூலை நோக்கி இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தாள். நிமிர்த்தியதும் முதலில் மேல்விளிம்பில் விரல் வைத்துத் தடிமனைத்தான் அளந்தாள்.

கண்காட்சியன்று காலை, ஆசிரியை கோசலையின் படத்தை இறக்கி, வடிவாம்பாளின் படத்தை முன்சுவரில் மாட்டினார்.

கோசலை படியேறி வந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒரு சுருக்கம் இல்லை. நல்லா இழுத்திருக்கே."

வடிவாம்பாள் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லாரும் இருக்காங்க. அன்னிக்கு நீ ஊர்ல இல்லையா?"

"நான் இல்லாமலா? இதோ, அப்பாவுக்கு அந்தாண்டை..."

விரல் சட்டத்தின் விளிம்பில் போய் நின்றது. வடிவாம்பாள் சுவரோரமாக ஒதுங்கிப் பார்த்தாள். சட்டத்தின் பக்கவாட்டில், மரத்தோடு மடிந்து, அவள் இருந்தாள்: ஒரு தோளும் பாதி முகமும்.

கோசலை தன் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நீங்க பார்த்தீங்களா, டீச்சர்?"

"மாட்டும்போதே பார்த்தேன்."

கீழே அண்ணன்மாரின் குரல் கேட்டது.

"வர்றவங்க கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேனே."

ஆசிரியை ஒருபுறம் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினார்.

"கோசலையோட மூணு விரல் சட்டம் நல்லாத் தெரியுதே."