பிணவறையில் ஒரு லத்தீன் பாடம்

எந்தப் பிணத்தையும் குளிர்பெட்டிக்குள் தள்ளுமுன், முகத்தை மூடிய துணிக்கடியில் எவர்சில்வர் மூடி ஒன்றை நுழைத்து மூக்கருகே பிடிப்பாள் பிணவறைப் பணியாள் பவுனம்மா. அன்றும் பிடித்தாள். மாணவர்களோடு வந்திருந்த பெரிய டாக்டர் ராகவேலுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எக்ஸ்பயர்ட்னு நான் கையெழுத்துப் போட்டாச்சு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு, அப்புறம் சோதி. சொல்லலேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்க வேலையில்ல!"

பவுனம்மா கையை எடுக்கவில்லை. "படிக்காதவளுக்கு என்னங்கய்யா தெரியும்? நீங்களே விளக்கமாச் சொல்லுங்க."

மாணவர்கள் எதிரில் டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "லத்தீன்ல ஸ்பிராரேன்னா மூச்சு விடுறது. ஸ்பிரிட் அதுலேருந்து வந்ததுதான். மூச்சை உள்ள இழுத்தா இன்ஸ்பயர். வெளிய விட்டா எக்ஸ்பயர். கடைசி மூச்சையும் விட்டவன் எக்ஸ்பயர்ட். விளங்குதா?"

"நல்லா விளங்குதுங்கய்யா."

அவ்வளவு நேரமும் அசையாமல் பிடித்திருந்த மூடியை வெளியே எடுத்துக் காட்டினாள். அதில் வட்டமாக வெள்ளை ஆவி படிந்திருந்தது.

"நீங்க சொன்ன எக்ஸ்பயர் இதோ இருக்கு. இன்ஸ்பயரையும் பார்த்துடுங்க."

ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிணத்தின் முகத்தை மூடிய துணி, மெல்ல வாய்க்குள் குழிந்தது.