பில் நம்பர் 118

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வீட்டில் பினாயில் தயாரித்து விற்கும் செண்பகவல்லியின் கணினியில் நூற்று எண்பது பில்கள் இருந்தன. வாடிக்கையாளர், சரக்கு, பில் என்று மூன்றே அட்டவணைகளில் அவரே அமைத்த டேட்டாபேஸ் அது.

பூக்காரத் தெரு வணிகர் சங்கத் தலைவர் பொன்னுரங்கம், பொருளாளரை அழைத்துக்கொண்டு வந்தார்.

“மார்ச் 31-ல சங்கக் கணக்குல நாற்பது கேன் வாங்கினோம். இந்தம்மா பில் தர மறந்துட்டாங்க. அந்தத் தேதிக்கே இப்பப் போட்டுக் கொடுத்தா சங்கத்தோட அறுபது கடையும் இங்கேயே வாங்கும். இல்லைன்னா வேற இடம் பார்ப்போம்.”

அறுபது கடை என்றால் செண்பகவல்லியின் வியாபாரத்தில் பாதி.

“போடலாம் தலைவரே. ஆனா நம்பர் வரிசையா ஓடும், நடுவுல நுழைக்க முடியாது. அன்னைக்கு இருக்கறது ஒரே பில், 118. அதை ரத்து செஞ்சாத்தான் உங்க பில் அங்க உட்காரும்.”

“ரத்து பண்ணும்மா. எவன் பில்லா இருந்தா எனக்கென்ன?”

“வாங்கினவர் சம்மதம் வேணுமே.” திரையைப் பொருளாளர் பக்கம் திருப்பினார்.

பொருளாளர் வாய்விட்டுப் படித்தார். “வணிகர் சங்கம். பினாயில், இரண்டு கேன். பெற்றுக்கொண்டவர் பொன்னுரங்கம்.” பிறகு நிமிர்ந்தார். “ரெண்டா, நாற்பதா அண்ணே?”

“கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லும்யா.”

“தப்பாச் சொல்லணும்னா நான் சொல்லித் தரணும் தலைவரே. அதுக்குத்தானே வந்திருக்கீங்க?” என்றார் செண்பகவல்லி.

ஜூன் 14-ம் தேதி சங்கத்துக்குப் புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று போட்ட பில் நம்பர் 203: வணிகர் சங்கம், பினாயில், இரண்டு கேன்.