தஞ்சாவூர் வரைக்கும் சுரங்கம்

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா கேக்கறீங்க? சுரங்கப்பாதைக் கதை விடுற ஆளை மட்டும் நம்பாதீங்க. நானும் கைடுதான், நானே விட்டிருக்கேன்.

போன வருசம் இதே கோட்டையில, "இந்தக் கதவுக்குப் பின்னால தஞ்சாவூர் வரைக்கும் சுரங்கம் போகுது"ன்னு முப்பது பேர்கிட்ட முழங்கினேன். பக்கத்துல பெருக்கிக்கிட்டிருந்த தவமணியக்கா சிரிச்சிட்டாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு.

"அவ்வளவு தெரிஞ்சவ, நீயே தஞ்சாவூர் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னேன்.

"சரிங்க சார்"னு இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாங்க. உள்ள நாலடி தூரத்துல சுவரு. முன்னால வாளி, விளக்குமாறு, அக்காவோட சாப்பாட்டுத் தூக்கு.

தூக்கைத் தொட்டுப் பாத்து, "தஞ்சாவூர் போய்ட்டு வந்தாச்சு சார், சாம்பார் இன்னும் ஆறல"ன்னாங்க.

முப்பது பேரும் என்னைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். நல்லாத்தான் பெருக்கியிருந்தாங்க.

இப்பல்லாம் அவங்ககிட்ட கேக்காம எதையும்...

"தம்பி, ஆளுங்க காத்திருக்காங்க."

இதோ வரேங்க்கா.