விளக்கில்லாத ராஜபோகம்

முன்னொரு காலத்தில் வெண்கோட்டைச் சீமையை மணிமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்ததை உடனே செய்தாக வேண்டும் அவனுக்கு. வழிப்போக்கர்கள் நல்ல சோறு தேடி அலையக் கூடாதென்று, ருசிக்குத் தக்கபடி சத்திர வாசல்களில் விளக்கு வைக்கச் சொன்னான். ஒரு விளக்கென்றால், போகிற வழியில் நின்று சாப்பிடலாம். இரண்டென்றால், சுற்றிக்கொண்டு போனாலும் தகும். மூன்றென்றால், அதற்காகவே பயணம் கிளம்பலாம்.

விளக்குக் கொடுப்பவர் மந்திரி மங்கலநாதர். மனைவியை இழந்த தனியாள். பரதேசி வேஷத்தில் போவார். ஒரே சத்திரத்தில் பலமுறை சாப்பிட்டு, ருசி மாறவில்லை என்று தெரிந்த பிறகே விளக்கு.

சபையில் சூடாமணி என்றொருவர் இருந்தார். அவருடைய மைத்துனன் நடத்திய ராஜபோகச் சத்திரத்துக்கு ஒரு விளக்குகூடக் கிடைக்கவில்லை.

"மகாராஜா, மந்திரி அங்கே வந்ததை யாருமே பார்க்கவில்லையாம். சாப்பிடாமலே தீர்ப்பா?" என்றார் சூடாமணி.

"பார்த்திருந்தால் எனக்குக் கிடைப்பது மந்திரிச் சாப்பாடு. வழிப்போக்கன் சாப்பாட்டை எப்படி அறிவேன்? நாளை சூடாமணி பல்லக்கில் போகட்டும்" என்றார் மந்திரி. சூடாமணி போனதும் ராஜாவிடம் மெல்ல, "தாங்கள் கந்தல் கட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள்" என்றார்.

மறுநாள் சத்திரத்தில் சூடாமணி இலையில் நெய் ஓடியது. கடைசி வரிசையில் மந்திரியோடு உட்கார்ந்த ராஜாவுக்குப் புளித்த சோறு. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. முகத்தைப் பார்க்கவும் ஆளில்லை.

"அந்தப் பரதேசியை எழுப்பி விடு. சாப்பாடே இறங்கவில்லை" என்று பரிமாறுகிறவனை அதட்டினார் சூடாமணி.

ராஜா எழுந்து வந்து முக்காட்டை விலக்கினான். "என் இலையில் மிச்சம் இருக்கிறது, சூடாமணி. அதையும் ருசி பார்த்துவிட்டுச் சொல்லும்."

சூடாமணி தலை குனிந்தபடி அந்தச் சோற்றை விழுங்கினார்.

திரும்பும் வழியில் ராஜா மந்திரியிடம் கேட்டான்: "இத்தனை வருஷமும் இப்படித்தான் உட்கார்ந்தீரா? நல்ல குழம்பு கிடைத்தால் யாரிடம் சொல்வீர்?"

"சொன்னால் ஆள் தெரிந்துவிடும், மன்னா. விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன்."

ராஜா கந்தலுக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மந்திரி கும்பிட்டு மறுத்தார். "இதைப் போட்டுக்கொண்டு எந்தப் பந்தியில் உட்காருவேன்? ஒரு வேளை, என் பெயர் தெரிந்த ஒருவரோடு சாப்பிட்டால் போதும்."

அரண்மனையில் ராஜாவே எதிரில் அமர்ந்து பரிமாறினான்.

"ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் மந்திரி. வாய்விட்டுச் சொன்னதும் இலையை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

"எத்தனை விளக்கு?"

"ஒருநாள் சாப்பிட்டுச் சொல்வது முறையல்ல, மன்னா. பலமுறை வர வேண்டும்."

"வாரும்" என்று ராஜா இன்னொரு கரண்டி ஊற்றினான்.