ஒரு சுவரின் வாடகை

"சாமி, இந்த ஊர்ல வாழ எவ்வளவு சம்பளம் வேணும்?"

சனிக்கிழமை சத்சங்கத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. மனம் ஏன் அலைகிறது, கனவில் பாம்பு வந்தால் என்ன அர்த்தம், அப்பன் செய்த வினை பிள்ளைக்கு வருமா என்றுதான் கேட்பார்கள். பூரணர் அழகாகப் பதில் சொல்வார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவார்கள்.

இதைக் கேட்டவள் செண்பகவல்லி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். குருவை விட வயதில் பெரியவள். ஆனாலும் பல வருடமாக அவர் காலில் விழுகிறவள்.

பூரணர் சிரித்தார்.

"உங்களுக்கு எவ்வளவு வருதும்மா?"

"பத்தாத அளவுக்கு வருது."

"ஆசை எவ்வளவோ அவ்வளவு சம்பளம் வேணும். ஆசையைக் குறைச்சுப் பாருங்க, இருக்கிற சம்பளமே பெருசாத் தெரியும்."

ஹால் முழுக்க ஒரு ‘ஆகா’ எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டார். அவருக்கு மாதம் இரண்டு லட்சம் வருகிறது. கட்டுப்படியாகவில்லை என்று போன மாதம்தான் அவரும் இதே இடத்தில் அழுதார்.

முன்வரிசையில் தணிகாசலம் கண்ணை மூடித் தலையாட்டினார். ஆட்டாமல் எப்படி? அந்த ஹால் அவருடையது. ஏசி அவருடையது. சாமி உட்கார்ந்திருந்த மெத்தையும் அவர் வாங்கிப் போட்டதுதான். அந்தப் பகுதியில் அவருக்குப் பல கட்டடங்கள் இருந்தன. அதில் ஒன்றின் மேல்தளத்தை மடத்துக்கு இலவசமாக விட்டிருந்தார்.

பின்தெருவில் இருந்த அவருடைய இன்னொரு கட்டடத்தின் கீழ்வீட்டில் செண்பகவல்லி வாடகைக்கு இருந்தாள்.

அவள் உட்காரவில்லை.

"என் ஆசை என்னன்னு சொல்லவா சாமி?"

"சொல்லுங்க."

"ஒரு சுவர்."

பூரணர் புரியாமல் பார்த்தார்.

"என் வீட்டுக்காரருக்குக் கண்ணு போயி நாலு வருஷமாச்சு. வீடு மாத்துறப்பல்லாம் மொதல்லேர்ந்து கத்துக்கணும். ஒரு வீட்ல நெத்தியைப் பொளந்துகிட்டாரு. இன்னொண்ணுல மாடிப்படியில உருண்டாரு. அப்புறம் பயந்துபோய் நாற்காலியிலயே உக்காந்திருப்பாரு, நான் டியூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும். இந்த வீட்லதான் சுவத்தைத் தடவிக்கிட்டே தானா எழுந்து போறாரு. தானா காபி போட்டுக் குடிக்கிறாரு. திரும்பவும் மனுஷனா இருக்காரு."

"நல்லதும்மா."

"இப்ப ஓனர் வாடகையை ஏத்திட்டாரு. முடியலன்னா மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். போன சித்திரையில எனக்குச் சம்பளம் ஏத்துனாங்க. ஆஸ்பத்திரியில ஏத்துன சேதி எனக்கு முன்னாடி வாடகைக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தச் சுவருதான் சாமி என் ஆசை. அதுல எவ்வளவு குறைக்கணும்? பாதிச் சுவர் போதுமா?"

தணிகாசலம் கண்ணைத் திறந்திருந்தார்.

பூரணர் வாய் பழக்கதோஷத்தில் பேசியது.

"எந்த வீடும் நம்ம வீடு இல்லம்மா. வந்தோம், தங்கினோம், போறோம்."

செண்பகவல்லிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன வாரம் துறவிக்கு என்னென்ன விதின்னு சொன்னீங்களே சாமி, ஞாபகம் இருக்கா? பிட்சைக்குப் போறவன் இன்னது வேணும்னு வாய்விட்டுக் கேட்கக்கூடாது, விழுந்ததை வாங்கிக்கணும். ஒரு இடத்துல மூணு ராத்திரிக்கு மேல தங்கக்கூடாது, தங்குனா பற்று வந்துடும். சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"நீங்க இந்த ஹாலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நான் ஆறு வீடு மாறிட்டேன். இதுல யாரு சாமி துறவி?"

ஒரு தொண்டர் ஓடி வந்து அவள் தோளைத் தொட்டார். "உக்காருங்கம்மா, சாமிகிட்ட இப்படியா பேசுறது."

"நான் உக்காரல. போறேன். போறதுதான் எனக்குப் பழக்கமாச்சே."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பூரணர் அதற்குப் பிறகு பேசவில்லை. சாமி மௌனத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று எல்லோரும் பரவசத்தோடு கலைந்தார்கள். பேச வாயில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை, கண்ணாடிப் பெட்டியில் பொட்டு வைத்துப் பூப்போட்டு வைத்திருந்த திருவோட்டைப் பூரணர் எடுத்தார். அது பல வருடமாகப் பூஜைக்குத்தான் பயன்பட்டது. சோறு பார்த்ததில்லை.

பின்தெருவுக்குப் போய், விசாரித்து ஒரு வாசலில் நின்றார்.

"பிட்சை."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்புறம் சுவரில் கை உரசும் மெல்லிய சத்தம். கதவு திறந்தது. நின்றவர் செண்பகவல்லியின் கணவர் அறவாழி.

"யாருங்க?"

"பிட்சைக்கு வந்திருக்கேன்."

"இந்த ஊர்லயா?" அறவாழி சிரித்தார். "காலிங்பெல் அடிக்காம வந்த மொத ஆள் நீங்கதான். அவ தண்ணி லாரிக்குப் போயிருக்கா. காபி போடத்தான் தெரியும். குடிப்பீங்களா?"

"குடிப்பேன்."

"அப்ப வாங்க."

பகலிலும் உள்ளே கும்மிருட்டு. அறவாழி முன்னால் போனார். பூரணர் காலை எடுத்து வைத்து கேஸ் சிலிண்டரில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"அடடா, லைட்டு போடலையா? எனக்குத் தேவைப்படாது, மறந்துடறேன். சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வாங்க. அது கூட்டிட்டு வந்துரும்."

பூரணர் சுவரைத் தொட்டார். ஓரிடத்தில் அது வழவழவென்று இருந்தது. கையை அந்த வழவழப்பில் வைத்து நடந்தார். எதிலும் இடிக்கவில்லை. சமையலறைக்கு வந்திருந்தார்.

அறவாழி விரலை வைத்துப் பால் அளந்து காபி போட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இந்த வீட்டை எவ்வளவு நாள்ல கத்துக்கிட்டீங்க?"

"முழுசா ஒரு வருஷம் ஆச்சுங்க. ராத்திரி பாத்ரூம் போக அவளை எழுப்பாம இருக்கணும்னு ஒரு வெறி. பாவம், நின்னு நின்னு கால் வீங்கி வருவா. இப்ப எழுப்பறதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அடுத்த வீட்ல எழுப்பணும். அதுக்குத்தான் நேத்து அவ்வளவு கோபம் அவளுக்கு. எங்கயோ போய்ச் சாமியாரைத் திட்டிட்டு வந்தாளாம்."

பூரணர் காபியைக் குடித்தார்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது.

தணிகாசலம். கூடவே ஒரு புரோக்கர், வீடு பார்க்க வந்த ஒரு புதுமணத் தம்பதி. குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கும்போதே வீட்டைத் திறந்து காட்டுவது அந்த ஊர் வழக்கம். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் காட்டுவார்கள். அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு செண்பகவல்லி வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு வழி விட யாருக்கும் தோன்றவில்லை.

வெளிச்சத்தில்தான் பூரணர் அந்தச் சுவரைப் பார்த்தார். கட்டிலில் தொடங்கி, கதவு, பாத்ரூம், சமையலறை என்று வீடு முழுக்க மார் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஒரு மனிதன் கையால் தடவித் தடவிப் போட்ட பாதை.

"சாமி, நீங்களா இங்க?" தணிகாசலம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் அவர் கண் முதலில் போனது அந்தக் கோட்டுக்குத்தான். "பாருங்க சாமி, சுவத்தை என்ன பாடு படுத்தி வச்சிருக்காங்க. இதுக்குப் பெயிண்ட் அடிக்கிற காசை அட்வான்ஸ்லதான் புடிக்கணும். வேற வழி?"

அறவாழியின் கை சுவரிலிருந்து கீழே இறங்கியது. திருட்டுப்பொருளைத் தொட்டுவிட்டவரைப் போல அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பூரணருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. துறவு பூண்ட பிறகு அவருக்கு வந்த முதல் கோபம் அது.

"தணிகாசலம், இந்த ஊர்ல வாழ எவ்வளவு சம்பளம் வேணும்?"

"அதை நானா சாமி முடிவு பண்றேன்? ஏரியா ரேட்டு அப்படிப் போகுது. முடியாதவங்க ஊருக்கு வெளியில போனா மலிவா எவ்வளவோ வீடு கிடக்கு."

"என் சம்பளம் என்ன?"

"சாமிக்கு எதுக்குச் சம்பளம்?"

"அப்ப நான் எப்படி இந்த ஏரியாவுல இருக்கேன்?"

தணிகாசலம் கைகூப்பினார். "அது என் பாக்கியம் சாமி. அந்த ஹாலுக்கு ஒரு பைசா வாங்கினதில்லையே. வரி, கரண்ட்டு எல்லாம் என் கைக்காசு. ஏதோ அங்க இங்க நாலு வீட்ல கொஞ்சம் ஏத்தி ஈடு கட்டிக்கிறேன். தர்மத்துக்காகத்தானே."

பெருமையாகத்தான் சொன்னார். வாசலில் குடம் தளும்பியது.

வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தணிகாசலம் மறுபடி விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

செண்பகவல்லி குடத்தை இறக்கி வைத்தாள். சாமியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அம்மா, நான் அந்த ஹாலை விட்டுடறேன். இன்னிக்கே கிளம்பிடறேன்."

"கிளம்பி?"

"எங்கயாவது. மூணு ராத்திரிக்கு மேல எங்கயும் தங்க மாட்டேன். நீங்க சொன்னது சரி."

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

"போறது சுலபம் சாமி. உங்களுக்கு ஒரு துணி, ஒரு ஓடு. நீங்க போயிட்டா உங்க மனசு சுத்தமாயிடும். அந்த ஹாலை ஓனர் ஜிம்முக்கு விட்டுடுவாரு. இவரு கை என்ன ஆகும்? போகாம நிக்கிறதுக்குத்தான் சாமி இந்த ஊர்ல வழியில்ல. அதைத்தான் நேத்து கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

பூரணர் அந்தப் பழுப்புக் கோட்டைக் கையால் ஒருமுறை தொட்டார்.

பிறகு திருவோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தணிகாசலத்தின் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. பூரணர் கேட்டுக்கு முன்னால் நின்றார்.

"பிட்சை."

தணிகாசலமும் மனைவியும் வெள்ளித் தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தார்கள். சாமி வாசல் தேடி வந்தது ஏழு ஜன்மப் புண்ணியம் என்றார்கள்.

பூரணர் திருவோட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"வேற என்ன போடட்டும் சாமி? பழம்? பட்டு?"

"சுவர்."

"எந்தச் சுவர்?"

"பெயிண்ட் அடிக்காத சுவர். பழைய வாடகைக்கு. அவர் கை அதுல இருக்கிற வரைக்கும்."

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது.

"சாமி, பிட்சைக்கு வர்றவங்க இன்னது வேணும்னு கேட்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். கேட்கறேன்."

தணிகாசலம் கதவைச் சாத்திக்கொண்டார். சாமி வெளியே சாப்பிடாமல் நின்றார். பிட்சைக்கு வந்தவரைப் பசியோடு நிறுத்தி வைத்தால் அந்த வீட்டில் என்ன சாபம் விழும் என்று மனைவிக்குத் தெரியும். அவள் அழுதாள்.

"பயப்படாத," என்றார் தணிகாசலம். "மூணு ராத்திரிக்கு மேல ஒரு இடத்துல நிக்க மாட்டாரு. விதி அப்படி. தானாப் போயிடுவாரு."

கணக்கில் அவர் எப்போதும் கெட்டி.

முதல் நாள் தெரு வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் சத்சங்கக்காரர்கள் வந்து இது சாமிக்கு அழகில்லை என்று கெஞ்சிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் செண்பகவல்லி டியூட்டி முடிந்து வந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். பூரணர் அதை மட்டும் வாங்கிக் குடித்தார். அவருக்குக் கால் வீங்கியிருந்தது. அவள் நர்ஸ், பார்த்தவுடன் தெரிந்தது. பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நாலாம் நாள் விடிந்ததும் தணிகாசலம் நிம்மதியாகக் கதவைத் திறந்தார்.

பூரணர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் செண்பகவல்லி. இன்னொரு பக்கம் அறவாழி. அவர் கை சாமியின் தோளில் இருந்தது.

பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். தணிகாசலத்துக்கு எல்லாம் தெரிந்த முகங்கள். மாதம் பிறந்தால் வாடகையோடு வந்து நிற்கும் முகங்கள்.

"சாமி," என்றார் தணிகாசலம். "மூணு ராத்திரி ஆயிடுச்சே."

"ஆயிடுச்சு."

"அப்ப விதி?"

"அது துறவிக்கு," என்றார் பூரணர். "நான் உங்க குடித்தனக்காரன்."

திருவோட்டை நீட்டினார்.